இரண்டு எஞ்சினை மாற்றப் போய் மூன்று வார இறுதி

கணினி ரயில் விளையாட்டில், கட் பேங்க் என்ற ஊரின் சைடிங்கில் (வேகன்களை ஒதுக்கி நிறுத்தும் பக்கத் தடம்) மூன்று தானிய வேகன்களைக் கழற்றிவிட்டு, எஃப்1 அழுத்தி வேலைப் பட்டியலைப் பார்த்தேன். அந்த வேலையின் வரிக்கு எதிரே ‘முடிந்தது’ என்று விழுந்திருந்தது. ஞாயிறு இரவு மணி பன்னிரண்டாகப் போகிறது, வீட்டில் எல்லோரும் தூக்கம். கத்த முடியாமல் நாற்காலியிலேயே ஒரு குதி குதித்தேன். இது போன வாரம். அந்தக் குதிக்கு முன்னால் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். இதே வேலையில் இறங்கப் போகிற யாருக்காவது ஓர் இரவுத் தூக்கம் மிச்சமானால் சரி.

நான் இன்னும் 2001-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டரின் தடங்களைத்தான் ஓப்பன் ரெயில்ஸ் என்ற இலவச மென்பொருளில் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதிலும் மரியாஸ் பாஸ் என்றால் உயிர். அமெரிக்காவின் மொன்டானாவில், ஒயிட்ஃபிஷிலிருந்து ராக்கி மலையைத் தாண்டி ஷெல்பி வரை போகும் தடம். அதற்கு ஒரு சரக்கு ரயில் ஆக்டிவிட்டி (செய்ய வேண்டிய வேலைகளோடு தயாராக வரும் ஓட்டம்) இறக்கி வைத்திருந்தேன். ஒயிட்ஃபிஷில் கிளம்பி, மலை ஏறி இறங்கி, கட் பேங்கில் மூன்று வேகன்களை விட்டுவிட்டு ஷெல்பி போய்ச் சேர வேண்டும். முன்னால் ஆரஞ்சு நிற டேஷ் 9 டீசல் எஞ்சின் இரண்டு. நல்ல எஞ்சின்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு அந்த மலையில் 1980-களின் பச்சை நிற பர்லிங்டன் நார்தர்ன் நிறுவன ரயில் ஓட வேண்டும் என்று ஆசை. டேஷ் 9 அப்போது பிறக்கவே இல்லை, 1993-இல்தான் வந்தது. அந்தக் காலத்துக்கு எஸ்டி40-2 எஞ்சின்தான் பொருத்தம். இரண்டை எடுத்துவிட்டு இரண்டை வைப்பது, அரை மணி நேர வேலை என்று உட்கார்ந்தேன்.

முதல் தப்பு அரை மணிக்குள்ளேயே நடந்துவிட்டது. ஆக்டிவிட்டிக்குள் ரயில் நேரடியாக இருக்காது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆக்டிவிட்டி ஒரு சர்வீஸை (எந்த ரயில், எந்தப் பாதை என்று சொல்லும் கோப்பு) கூப்பிடும், சர்வீஸ் ஒரு கான்சிஸ்ட்டைக் கூப்பிடும், கான்சிஸ்ட்டில்தான் எஞ்சினும் வேகனும் வரிசையாக இருக்கும். எனக்கும் தெரியும். தெரிந்தும், கான்சிஸ்ட் எடிட்டரில் அந்த ரயிலைத் திறந்து, டேஷ் 9-ஐ நீக்கி, எஸ்டி40-2-ஐ இழுத்துப் போட்டு, அதே பெயரில் சேமித்துவிட்டேன். மறுநாள் வேறொரு ஆக்டிவிட்டியைத் திறந்தால், எதிரே வருகிற ரயிலிலும் பச்சை எஞ்சின்! அதே கான்சிஸ்ட்டை இன்னும் எத்தனை ஆக்டிவிட்டிகள் பகிர்ந்துகொள்கின்றனவோ, அத்தனையும் மாறிவிட்டன. காப்பி எடுத்து வைக்கவில்லை. மூலக் குறுந்தட்டைத் தேடி அலமாரியைக் கவிழ்த்ததில் ஒரு சனிக்கிழமை மாலை போனது.

ஆகவே கான்சிஸ்ட்டைப் புதுப் பெயரில் சேமியுங்கள், சர்வீஸையும் புதுப் பெயரில் சேமியுங்கள், ஆக்டிவிட்டியையும் நகலெடுத்து அதில் புது சர்வீஸைக் காட்டுங்கள். மூன்றையும் செய்ய வேண்டும். இதில் இன்னொரு குழி உண்டு. கான்சிஸ்ட்டுக்குக் கோப்புப் பெயர் ஒன்று, திரையில் காட்டும் பெயர் ஒன்று. நான் கோப்புப் பெயரை மட்டும் மாற்றியதால் பட்டியலில் ஒரே பெயரில் இரண்டு ரயில் நின்றன. எது பழசு, எது புதுசு என்று சீட்டுக் குலுக்காத குறை.

அடுத்தது எஞ்சின். இலவசமாக இறக்கிய எஸ்டி40-2 வெளியிலிருந்து பார்க்க அவ்வளவு அழகு. ஓட்டுநர் அறைக்குள் போக 1-ஐ அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. டெஸ்க்டாப்பில் ஓப்பன் ரெயில்ஸ் எழுதி வைக்கும் லாக் கோப்பைத் திறந்து பார்த்தேன். கேப், அதாவது ஓட்டுநர் அறையின் கோப்பு இல்லை என்று மஞ்சள் அட்டை காட்டியிருந்தது. கூட வந்த குறிப்பைப் பொறுமையாகப் படித்தபோதுதான், அறைக்கு வேறொரு தொகுப்பு தனியாக வேண்டும் என்ற கடைசி வரி கண்ணில் பட்டது. அதற்கான முகவரிக்குப் போனால் பக்கமே இல்லை. எப்போதோ செத்துப்போன தளம். ‘தொடர்புகொள்ளவும்’ என்றிருந்த மின்னஞ்சலுக்கு எழுதினேன், கிணற்றில் போட்ட கல். வேறு இடங்களில் தேடித் தேடி இரவு இரண்டு மணி.

தீர்வு என் கணினியிலேயே இருந்தது. மூல விளையாட்டோடு வந்த ஜிபி38-2 எஞ்சினின் கேப் சும்மாதானே கிடக்கிறது? எஞ்சின் கோப்பில் கேப் எங்கே இருக்கிறது என்று சொல்லும் வரியை அந்த ஜிபி38-2-இன் கோப்புறைக்குத் திருப்பிவிட்டேன். இரண்டு புள்ளி, சாய்கோடு, மறுபடி இரண்டு புள்ளி என்று மேலே ஏறிப் பக்கத்து அறைக்குள் இறங்குகிற வித்தைதான். இது ஒப்பேற்றலும் அல்ல. ஜிபி38-2, எஸ்டி40-2 இரண்டும் 1972-இல் ஒரே நிறுவனம் கொண்டுவந்த வரிசை, உள்ளே கட்டுப்பாட்டு மேடை கிட்டத்தட்ட ஒன்றுதான். டேஷ் 9-இன் மேசை போன்ற கேப்பை வைத்திருந்தால்தான் உறுத்தியிருக்கும். முதல் வார இறுதியில் உருப்படியாக நடந்த ஒரே விஷயம் இது.

இரண்டாம் வாரம் கிளம்பினேன். ஒயிட்ஃபிஷ், கொலம்பியா ஃபால்ஸ், வெஸ்ட் கிளேசியர் வரை ஆற்றோரமாக ஜோராகப் போனது. எஸ்ஸெக்ஸ் தாண்டியதும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மணிக்கு 12 மைல், 9 மைல், 6 மைல். வேகப்பிடியைக் கடைசிப் படியான எட்டாவது நாட்ச்சில் முழுசாகத் திறந்து வைத்திருக்கிறேன், சக்கரம் வழுக்காமல் மணலும் போடுகிறேன். கடைசியில் நின்றேவிட்டது. நின்றதோடு விட்டால் பரவாயில்லை, பின்னால் நகர ஆரம்பித்தது. பிரேக்கைப் போட்டுப் பிடித்து நிறுத்தினேன்.

அப்போதுதான் முதலிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். எஸ்ஸெக்ஸிலிருந்து சம்மிட் வரை ஏற்றம் 1.8 சதவீதம். என் ரயில் 4,000 டன்னுக்குக் கொஞ்சம் கூட. அந்தச் சரிவில் அந்த எடை கீழே இழுப்பது மட்டுமே 72 டன் விசை, வளைவும் உராய்வும் தனி. இரண்டு டேஷ் 9 சேர்ந்தால் 8,800 குதிரைத்திறன். இரண்டு எஸ்டி40-2 சேர்ந்தாலும் 6,000 தான். குதிரைத்திறன் குறைந்தால் வேகம் குறையும், இழுவிசை குறைந்தால் ரயிலே நிற்கும். எனக்கு இரண்டும் குறைந்துவிட்டன. ஆக்டிவிட்டியை எழுதியவர் இரண்டு டேஷ் 9-க்கு அளந்துதான் வேகன்களை வைத்திருக்கிறார். எஞ்சினை மாற்றுகிறவன்தான் அளவையும் பார்க்க வேண்டும். நிஜத்திலும் எஸ்ஸெக்ஸில் உதவி எஞ்சின்களை நிறுத்தி வைத்துக் கனமான ரயில்களை மலையேற்றுவார்கள், நம் ஊரில் பேங்கர் என்பார்களே அது. எனக்கு அவ்வளவு தெம்பில்லை. கான்சிஸ்ட் எடிட்டரில் முன்னால் மூன்றாவது எஸ்டி40-2 ஒன்றைச் சேர்த்துச் சேமித்தேன்.

மலை ஏறியது. சம்மிட்டில் 5,213 அடி உயரத்தில் நின்று பின்னால் திரும்பிப் பார்த்தபோது, பனிக்கு நடுவே மூன்று பச்சை எஞ்சின்களும் நீளமாக வேகன்களும்... சரி, அதை விடுங்கள். இறங்கி, ஈஸ்ட் கிளேசியர் தாண்டி, கட் பேங்க் வந்து, மூன்று வேகன்களையும் கவனமாக சைடிங்கில் தள்ளிக் கழற்றினேன். நிஜ நேரத்தில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறேன். வேலைப் பட்டியலில் ஒன்றும் வரவில்லை.

முன்னால் தள்ளிப் பார்த்தேன், பின்னால் இழுத்துப் பார்த்தேன். சைடிங்கின் எல்லைக்கு வெளியே நிற்கிறதோ என்று இன்னும் உள்ளே தள்ளினேன். பக்கத்து சைடிங்கிலும் போட்டுப் பார்த்தேன். ம்ஹூம். ஆக்டிவிட்டி பழுது என்று அதை எழுதியவரை மனசுக்குள் திட்டிவிட்டுத் தூங்கப் போனேன். இப்போது அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மறுநாள் காலை காபியோடு எஃப்1 பட்டியலை இன்னொரு முறை உற்றுப் பார்த்தேன். கழற்ற வேண்டிய வேகன்களின் எண்கள் 0 - 14, 0 - 15, 0 - 16. பிறகு எஃப்7 அழுத்தி, வேகன்களின் தலைக்கு மேல் எண்களைக் காட்டச் சொன்னேன். சைடிங்கில் நான் விட்டுவிட்டு வந்தவை 0 - 15, 0 - 16, 0 - 17.

பொட்டில் அறைந்தது போல இருந்தது. கான்சிஸ்ட்டில் ஒவ்வொரு எஞ்சினுக்கும் வேகனுக்கும் யுஐடி என்று ஓர் எண் உண்டு. ‘இந்த மூன்றை இங்கே விடு’ என்று ஆக்டிவிட்டி சொல்வது அந்த எண்ணை வைத்துத்தான். வேகன் பச்சையா, சிவப்பா, தானியமா, நிலக்கரியா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இரண்டுக்கு இரண்டு மாற்றியபோது எண்கள் அப்படியே இருந்தன. மூன்றாவது எஞ்சினை முன்னால் சேர்த்ததும் எடிட்டர் எல்லாவற்றுக்கும் 0-இலிருந்து புதிதாக எண் போட்டுவிட்டது, பின்னால் வந்தவை எல்லாம் ஒன்று தள்ளிப்போயின.

பிறகு எடிட்டரை மூடிவிட்டு, கான்சிஸ்ட் கோப்பை நோட்பேட்++-இல் திறந்து கையாலேயே திருத்தினேன். வேகன்களுக்குப் பழைய எண்களைத் திருப்பிக் கொடுத்து, மூன்றாவது எஞ்சினுக்கு யாரும் தொடாத 90 என்ற எண்ணை வைத்தேன். எண்கள் வரிசையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, இரட்டிப்பு ஆகாமல் இருந்தால் போதும். சேமிக்கும்போது மட்டும் கவனம். இந்தக் கோப்புகள் யுடிஎஃப்-16 குறியாக்கத்தில் இருப்பவை. வேறு குறியாக்கத்தில் சேமித்தால் மூல விளையாட்டின் எடிட்டர்கள் அந்தக் கோப்பை ஏற்காது. எனக்கு ஒரு முறை அதுவும் ஆனது, ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

உங்கள் ஆக்டிவிட்டியில் சைடிங்கில் ஏற்கெனவே நிற்கும் வேகன்களை எடுத்துவரும் வேலை இருந்தால், அதில் 131074 மாதிரி எண்களைப் பார்த்து மிரள வேண்டாம். நிற்கும் வேகன் கூட்டத்தின் எண்ணை 65,536-ஆல் பெருக்கி, அதோடு வேகனின் எண்ணைக் கூட்டியது அது. 131074 என்றால் 2 என்ற கூட்டத்தில் 2 என்ற வேகன். இந்த வேகன்களின் பட்டியல் ஆக்டிவிட்டி கோப்புக்குள்ளேயே இருக்கும், கான்சிஸ்ட்டில் எவ்வளவு மாற்றினாலும் இவை மாறாது.

எல்லாம் திருத்தியாயிற்று, இனி சோதனைதானே? கட் பேங்குக்குச் சற்று முன்னால் எஃப்2-வில் சேமித்து வைத்திருந்தேன். அதிலிருந்து தொடர்ந்தேன். அதே 15, 16, 17! கோப்பைத் திறந்து மறுபடி பார்த்தேன், சரியாக இருந்தது. சேமித்த ஆட்டத்தில் பழைய ரயில் அப்படியே உறைந்திருக்கும், கான்சிஸ்ட் கோப்பை அது திரும்பப் படிக்காது என்பது உறைக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. கான்சிஸ்ட்டைத் தொட்டால் பழைய சேமிப்புகளைக் குப்பையில் போடுங்கள்.

அதற்காக ஒவ்வொரு சோதனைக்கும் ஒயிட்ஃபிஷிலிருந்து நாலு மணி நேரம் ஓட்ட முடியுமா? ஆக்டிவிட்டியை இன்னொரு நகல் எடுத்து, கட் பேங்குக்கு மேற்கே இரண்டு மைலில் தொடங்குகிற சின்னப் பாதை ஒன்றை வரைந்து, அதை சர்வீஸில் போட்டேன். பத்து நிமிடத்தில் ஒரு சோதனை. இதை முதல் நாளே செய்திருக்கலாம். இரண்டாவது முயற்சியில் வேலை டிக் ஆனது. பிறகு முழுத் தடத்தையும் மூன்றாம் வார ஞாயிறு மதியம் தொடங்கி, நடுவில் கடைக்குப் போய்வந்து, சாப்பிட்டு, இரவு ஓட்டி முடித்தேன்.

ஹாரன் மட்டும் இன்னும் டேஷ் 9-உடையது. அதன் ஒலிக் கோப்பையும் எங்கிருந்தோ வாங்கி மாட்டியிருக்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை அதைப் பார்க்க வேண்டும்.