வாட்டர் ஸ்கூட்டரில் சார்ஜ் ஏறவில்லையா? பேட்டரி வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் மீட்டரை எடுங்கள்

போன மாசம் ஒரு நாள் காலையில் போன். முட்டுக்காடு பக்கம் உப்பங்கழியில் வாட்டர் ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிற ஒரு தம்பி. "அண்ணே, ரெண்டாம் நம்பர் வண்டி மறுபடியும் நடுத்தண்ணியில நின்னுடுச்சுண்ணே. பேட்டரி போயிடுச்சு. இன்னொண்ணு வாங்கிடட்டுமா?" அந்த வண்டிக்கு ஏற்கெனவே இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது, மாட்டியிருந்தது மூன்றாவது. வாங்காதேடா, நான் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பைக் நின்றால் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகலாம். இது தண்ணீர். காற்று கரையிலிருந்து அடித்தால் வண்டி முகத்துவாரத்தைப் பார்த்து இழுத்துக்கொண்டு போகும், பின்சீட்டில் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருக்கும். அதனால்தான் இந்த விஷயத்தில் அனுமானத்துக்கு இடம் கொடுக்கவே கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போனதும் முதலில் சீட்டைக் கழற்றி ஐந்து நிமிஷம் காற்றாட விட்டோம். இதை யாரும் அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். மூடிய ஹல்லுக்குள், அதாவது வண்டியின் அடிக்கூட்டுக்குள், பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜனும் வந்திருக்கலாம். டெர்மினலில் ஒரு பொறி பறந்தால் போதும்.

அப்புறம் பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்தேன், 12.2 வோல்ட். முழு சார்ஜ் உள்ள பேட்டரி ஓடாமல் ஒரு ராத்திரி ஓய்வாக இருந்தால் 12.6-லிருந்து 12.8 வரை காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி காலி. செல்ஃப் அடிக்கச் சொன்னேன், 10.3-க்கு இறங்கியது, எஞ்சின் பட்டென்று பிடித்தது. பாதி சார்ஜில் இருக்கும்போதே செல்ஃப் அடிக்கையில் 10-க்குக் கீழே போகவில்லை என்றால் அந்த பேட்டரி நல்ல பேட்டரி. அதற்கு வயிறு நிறையவில்லை, அவ்வளவுதான். நோய் வேறு எங்கோ இருக்கிறது.

கரையில் டிரெய்லர் மேல் வைத்து எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் தப்பு செய்து எஞ்சினையே பாழாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹோஸை மாட்டுங்கள், ஆனால் தண்ணீரைத் திறக்காதீர்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்த உடனே தண்ணீரைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது அப்படியே தலைகீழ்: முதலில் தண்ணீரை மூடி, பிறகு எஞ்சினை நிறுத்த வேண்டும். எஞ்சின் ஓடாமல் தண்ணீர் மட்டும் ஓடினால் அது எக்ஸாஸ்ட் வழியாக ஏறி சிலிண்டருக்குள் இறங்கிவிடும். சீ-டூ கம்பெனி வண்டிகளில் எஞ்சினுக்குக் கூலன்ட் தனியாகச் சுற்றுகிறதே, ஹோஸ் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். எக்ஸாஸ்ட்டுக்கு வெளித்தண்ணீர் வேண்டும், அதற்குத்தான் ஹோஸ். எந்த வண்டியானாலும் கரையில் வைத்து நீண்ட நேரம் ரேஸ் பண்ணாதீர்கள், தண்ணீரில்லாமல் டிரைவ் ஷாஃப்ட் பக்கத்து சீல்கள் சூடாகிவிடும்.

சரி, எஞ்சின் ஓடுகிறது. ஐட்லிங்கில் பேட்டரியில் 12.7. இதைப் பார்த்துப் பதறக்கூடாது. ஐட்லிங்கில், எஞ்சின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்குகிற மேக்னட் காயில் தருகிற கரண்ட்டில் பெரும்பகுதியை ஃபியூயல் பம்ப், இன்ஜெக்டர், இக்னிஷன், எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டரான இசியூ எல்லாம் பங்கு போட்டுக்கொள்ளும், பேட்டரிக்கு மிச்சம் கொஞ்சம்தான். 3500 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால்தான் உண்மை தெரியும், அங்கே 14-ஐ ஒட்டி வர வேண்டும். மாடலைப் பொறுத்து 13.5-லிருந்து 14.8 வரை சரி. 15-ஐத் தாண்டினால், காயிலின் கரண்ட்டை பேட்டரிக்குத் தக்கபடி மாற்றி அனுப்புகிற ரெகுலேட்டர் வோல்ட்டைக் கட்டுப்படுத்தவில்லை என்று அர்த்தம், பேட்டரி கொதித்து உப்பி அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். இந்த வண்டியில் 3500-லும் 13.0-ஐத் தாண்டவில்லை.

தம்பி உடனே, "அப்போ ஆர்ஆர் யூனிட்டு போயிடுச்சாண்ணே?" என்றான், ரெகுலேட்டரைத்தான் அப்படிச் சொல்கிறான். இதுதான் அடுத்த கண்ணி. பேட்டரி இல்லையென்றால் ரெகுலேட்டர், அதுவும் இல்லையென்றால் காயில் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போனால் ஒரு சின்ன கார் முன்பணம் கட்டுகிற அளவுக்குச் செலவாகிவிடும். நான் மீட்டரின் இரண்டு முனையையும் பேட்டரியிலிருந்து எடுத்து ரெகுலேட்டரின் வாயிலேயே வைத்தேன், சிவப்பை அவுட்புட்டிலும் கறுப்பை அதனுடைய எர்த் வயரிலும், அதாவது கரண்ட் திரும்புகிற வயரிலும். 14.4.

ரெகுலேட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அங்கிருந்து புறப்பட்ட 14.4, பேட்டரிக்கு வந்து சேரும்போது 13.0. நடுவில் 1.4 வோல்ட்டை யாரோ தின்கிறார்கள்.

யார் என்று கண்டுபிடிக்க, எஞ்சின் ஓடும்போதே மீட்டரின் ஒரு முனை ரெகுலேட்டர் அவுட்புட்டில், மறுமுனை பேட்டரி பாசிட்டிவில். 0.1. ஃபியூஸ், பாசிட்டிவ் வயர் எல்லாம் சுத்தம். அடுத்து எர்த் பக்கம், ரெகுலேட்டரின் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வைத்தேன். 1.3. கள்ளன் அங்கே இருந்தான். ஒரு பக்கத்துக்கு 0.2, 0.3-க்கு மேல் போனாலே தேட ஆரம்பிக்க வேண்டும்.

இங்கே பைக் மெக்கானிக்குகள் எல்லோரும் தடுமாறுகிற ஒரு விஷயம் இருக்கிறது. பைக்கில் இரும்பு சேஸிஸ் முழுக்க எர்த். ஒரு இணைப்பு சரியில்லை என்றாலும் வேறு வழியாகக் கரண்ட் திரும்பிவிடும். வாட்டர் ஸ்கூட்டரின் உடம்பு ஃபைபர், அதில் கரண்ட் ஓடாது. ஒவ்வொன்றுக்கும் எர்த் வயர் வழியாகத்தான் வர வேண்டும். ஸ்டார்ட்டருக்குத் தடித்த எர்த் வயர் தனி, ரெகுலேட்டருக்கு மெல்லிய எர்த் வயர் தனி. அதனால்தான் செல்ஃப் ஜோராக அடித்தது, சார்ஜ் மட்டும் ஏறவில்லை. செல்ஃப் நன்றாக அடிக்கிறதே, எர்த்தில் என்ன கோளாறு இருக்கப்போகிறது என்று இதற்கு முன் பார்த்தவர் அந்தப் பக்கமே போகாமல் விட்டிருக்கிறார்.

அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். வயர்களை இணைக்கிற ஒரு கப்ளரில் போய் முடிந்தது. வெளியே பார்க்கப் பளிச்சென்று இருந்தது, கையில் பிடித்தால் சூடு. 1.3 வோல்ட்டை 10 ஆம்பியரால் பெருக்கிப் பாருங்கள், 13 வாட், அந்தச் சின்ன முனையில்! கழற்றினேன். உள்ளே பித்தளைக் குடத்தில் பிடிக்கிற மாதிரி பச்சைக் களிம்பு, பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. யாரோ முன்பு வயரில் மீட்டர் ஊசியைக் குத்தி சோதித்திருக்கிறார்கள், அந்த ஊசித்துளை வழியாக உப்புத்தண்ணீர் இறங்கி செம்புக்கம்பி நெடுக ஊறியிருக்கிறது. இன்சுலேஷனைச் சீவச் சீவ உள்ளே கரிக்கட்டை மாதிரி கறுப்பு. நாலு விரற்கடை வெட்டித் தள்ளிய பிறகுதான் செம்பு மின்னியது. தயவுசெய்து கடல் வண்டியில் வயரைக் குத்தி அளக்காதீர்கள், கப்ளரின் பின்பக்கமாக ஊசியை நுழைத்து அளக்கலாம்.

வெள்ளீயம் பூசிய கம்பி உள்ள வயரை ஒட்டு வைத்து, அழுத்திக் கிரிம்ப் பண்ணி, உள்ளே பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, கப்ளரில் புதுப் பின் வைத்து ஈரம் புகாமல் காக்கிற டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவினேன். இன்சுலேஷன் டேப் சுற்றுவதோடு நிறுத்தினால் அது தண்ணீரை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மறுபடி ஓட்டிப் பார்த்தால் 3500-ல் பேட்டரியில் 14.2, எர்த் பக்கம் 0.1.

ரெகுலேட்டர் வாயிலேயே வோல்ட் குறைவாக இருந்திருந்தால் நான் காயிலுக்குப் போயிருப்பேன். எஞ்சினை நிறுத்தி, ரெகுலேட்டருக்குப் போகிற மூன்று வயர் கப்ளரைப் பிரித்து, மூன்றையும் இரண்டிரண்டாக அளந்தால் ஓம்ஸ், அதாவது மின்தடை, மூன்று ஜோடியிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும், பெரும்பாலும் 1 ஓமுக்குக் கீழே. மீட்டர் வயரின் சொந்த ஓம்ஸைக் கழிக்க மறக்காதீர்கள். எந்த வயருக்கும் எஞ்சினுக்கும் நடுவே தொடர்பே இருக்கக்கூடாது. பிறகு கப்ளர் பிரிந்தபடியே எஞ்சினை ஓட்டி ஏசி வோல்ட் பாருங்கள், கையைத் தள்ளி வையுங்கள், ஆர்பிஎம் ஏற ஏற வோல்ட் நன்றாகவே ஏறும். எவ்வளவு என்பது மாடலுக்கு மாடல் மாறும், மூன்றும் சமமாக ஏறுகிறதா என்பதுதான் கணக்கு. குளிர்ந்த எஞ்சினில் சரியாக இருந்து சூடேறியதும் விழுகிற காயிலும் உண்டு, அதனால் சூட்டில் ஒருமுறை அளந்துவிடுங்கள். ஒன்று மட்டும் எப்போதும் செய்யாதீர்கள்: எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி "ஓடுதா பாரு" என்று சோதிப்பது. வோல்ட் எகிறி இசியூ போய்விடும்.

வாடகை வண்டிகளுக்கு இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. பத்து நிமிஷ சவாரி, நிறுத்தம், மறுபடி செல்ஃப், அடுத்த ஆள். ஒவ்வொரு செல்ஃபும் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் முன்னால் வண்டி நின்றுவிடுகிறது, இதற்கு 19 ஆம்பியர்-ஹவர் பேட்டரி எத்தனை நாள்தான் தாங்கும். சார்ஜிங் நன்றாக இருந்தாலும் வாரத்துக்கு ஒரு ராத்திரி வெளி சார்ஜரில் போடு என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

கிளம்பும்போது ஷெட் மூலையில் அவன் கழற்றிப் போட்டிருந்த பழைய பேட்டரி இரண்டையும் கேட்டு வாங்கி வந்தேன். ராத்திரி முழுக்க மெதுவாகச் சார்ஜ் ஏற்றி, ஒரு நாள் அப்படியே வைத்து அளந்தேன். மாசக்கணக்கில் காலியாகக் கிடந்த ஒன்று 11-ஐத் தாண்டவே இல்லை, அது போய்விட்டது. இன்னொன்று 12.7. அது இப்போது நாலாம் நம்பர் வண்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது.