காது கேளாத ராஜபாளையம்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவின் கடைசி வீட்டார் ராஜபாளையம் குட்டி ஒன்றை வாங்கி வந்தபோது அக்கம்பக்கத்தார் எல்லாரும் போய்ப் பார்த்தோம். பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் பொன்னிறக் கண்ணும் சேர்ந்து அமைந்த குட்டிக்கு விலை கூடுதல் என்று வீட்டுக்காரர் பெருமையோடு சொன்னார். ஆறேழு மாதம் கழிந்ததும், கூப்பிட்டால் வராது, அதட்டினாலும் அசையாது, திமிர் பிடித்த நாய் என்ற பேச்சு எழுந்தது. அதன் பிறகு அது கொல்லைப்புறத் தூணிலேயே கட்டப்பட்டுக் கிடந்தது.

ஒரு மழைக்காலத்தில் அழுகல் நாற்றம் மதிலைத் தாண்டி வந்த பிறகுதான் உள்ளே சென்று பார்த்தேன். குட்டியாக இருந்தபோது மாட்டிய நைலான் பட்டையை ஒருவரும் தளர்த்தவில்லை. கழுத்து வளர வளர அது தோலை அறுத்துச் சதைக்குள் புதைந்து, அந்தப் பிளவில் ஈ முட்டையிட்டுப் புழு நெளிந்துகொண்டிருந்தது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். காதோரம் முழுவதும் உண்ணி.

“கொண்டு போங்க, எங்களுக்கும் ஒரு தொல்லை விட்டுச்சு” என்றார் வீட்டுக்காரர். நாயை முழுமையாக ஒப்படைப்பதாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். இப்படிப்பட்ட மீட்பில் இறங்குபவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்பது என் கருத்து. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், நாயை நியாயமற்ற நேரம் குறுகிய சங்கிலியில் கட்டி வைப்பதையும், எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பதையும் குற்றம் என்றுதான் சொல்கிறது. ஆனால் முதல் முறை குற்றத்துக்கு அது விதிக்கும் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். அந்தத் தொகையை நம்பி வழக்குக்கு அலைவதைவிடக் கையெழுத்துத் தாள் பயன் தரும் என்று தோன்றியது.

புதைந்த பட்டையை வீட்டிலேயே கத்தரிக்க முயலக் கூடாது. வலியில் எவ்வளவு சாதுவான நாயும் கடிக்கும். பட்டைக்கு அடியில் இரத்தக்குழாய்கள் இருக்கின்றன. நாய் மூச்சிரைத்துத்தான் உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும் என்பதால், துணியால் வாய்க்கட்டுப் போட்டாலும் வெகுநேரம் விட்டுவைக்கக் கூடாது. கால்நடை மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்து, கழுத்தைச் சுற்றி முடியை மழித்து, பட்டையை வெட்டி எடுத்து, புழுக்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக நீக்கி, உப்புநீரால் கழுவினார்கள். சீழ் பிடித்த புண்ணைத் தைத்து மூடினால் அழுக்கு உள்ளேயே தங்கிவிடும் என்பதால் அதைத் திறந்தபடி விட்டு ஆறவைத்தோம். நம் ஊரில் புழுப்புண் என்றாலே கற்பூரத்தைலத்தை ஊற்றுகிற வழக்கம் இருக்கிறது. புழு வெளியே வரும், ஆனால் கூடவே பச்சைச் சதையும் எரியும். மனிதர்களுக்கான வலி மாத்திரைகளையும் கொடுக்கக் கூடாது. இபுபுரூபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். உண்ணிக் காய்ச்சலும் இருந்ததால் டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை நான்கு வாரம் கொடுக்க வேண்டியிருந்தது.

பட்டினி கிடந்த நாய்க்கு முதல் நாளே வயிறு நிறையப் போடக் கூடாது என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லியிருந்தார். நெடுநாள் காய்ந்த உடம்பில் திடீரென்று உணவு சேரும்போது இரத்தத்தில் பாஸ்பரசும் பொட்டாசியமும் சட்டென்று இறங்கி இதயமே நின்றுபோகக்கூடும். எனவே குழைந்த சோறும் வேகவைத்த கோழியும் கைப்பிடி அளவில், பல வேளைகளாகப் பிரித்துக் கொடுத்தோம். அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை, “பசியோட பாக்குதே, இன்னும் கொஞ்சம் வச்சா என்ன?” என்று தினமும் என்னோடு சண்டை போட்டார். புண்ணை நக்காதிருக்கப் போடும் கூம்பைக் கழுத்தில் மாட்ட வழியில்லை. நாய்க்குத் தன் கழுத்து எட்டாது என்றாலும் பின்னங்காலால் பிறாண்டிவிடும். அதனால் இரண்டு பின்னங்கால்களுக்கும் குழந்தைகளின் காலுறையை மாட்டினோம். புண் ஆறிய பிறகும் கழுத்தில் எதுவும் கட்டுவதில்லை, மார்புப்பட்டைதான்.

அது தேறிவந்த நாட்களில் ஒரு மதியம், தூங்கிக்கொண்டிருந்த நாய்க்குப் பின்னால் அடுக்களை மேடையில் எவர்சில்வர் தட்டுகள் சரிந்தன. வீடே திடுக்கிட்டது, நாய் புரளக்கூட இல்லை. பிறகு அதன் பார்வைக்கு எட்டாத இடத்தில், காற்றோ தரையதிர்வோ அதை அடையாதபடி நின்று கை தட்டியும் சாவிக்கொத்தைக் குலுக்கியும் பார்த்தோம். எந்த அசைவும் இல்லை. மருத்துவரும் அதையே உறுதி செய்தார். வெள்ளை நிறத்தைத் தரும் மரபணுவால் உள்காதில் நிறமிச் செல்கள் இல்லாமல் போனால், ஒலியை உணரும் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே மடிந்துவிடுகின்றன. ராஜபாளையம் இனத்தில் இது அறியப்பட்ட குறை. 2005இல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த இனம் இது. ஆனால் வெள்ளைக்குத்தான் விலை என்று நாம் தேர்ந்தெடுக்கத் தேர்ந்தெடுக்க, செவிடும் சேர்ந்தே வருகிறது. திமிர் என்று அடி வாங்கிய நாய்க்குக் கூப்பிட்டதே கேட்டிருக்கவில்லை.

பழக்கும் முறையை அதற்கேற்ப மாற்றினோம். கட்டைவிரலை உயர்த்தினால் சபாஷ், உள்ளங்கையைத் தாழ்த்தினால் உட்கார், தரையில் காலால் தட்டினால் திரும்பிப் பார், இருட்டில் டார்ச்சை மினுக்கினால் வீட்டுக்கு வா. தூங்கும்போது தொட்டு எழுப்பாமல் மூக்கருகே கையை நீட்டி வாசனையால் எழுப்புவோம். கற்றுக்கொள்ளும் வேகத்தில் அதற்கு ஒரு குறையும் இல்லை. பின்னாலிருந்து யாராவது கை ஓங்கினால் மட்டும் இன்றும் உடம்பைச் சுருக்கிச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அது எப்போது போகும் என்று மருத்துவராலும் சொல்ல முடியவில்லை. வண்டிச் சத்தம் கேட்காது என்பதால் வாசலுக்கு வெளியே அவிழ்த்து விடுவதில்லை. அம்மா அதற்கு ராசா என்று பெயர் வைத்திருக்கிறார். அந்தப் பெயர் எங்கள் வசதிக்குத்தான்.

உடம்பு தேறி மினுமினுப்பு வந்த பிறகு பழைய வீட்டுக்காரர் ஒருநாள் வாசலில் வந்து நின்றார். நாயைத் திருப்பிக் கேட்டார். தாளைக் காட்டியதும், இனச்சேர்க்கைக்காவது விடுங்கள், குட்டிக்கு நல்ல விலை வரும், ஆளுக்குப் பாதி என்றார். செவிடு குட்டிகளுக்கும் இறங்கும் என்பதால் ஏற்கெனவே கருத்தடை செய்துவிட்டோம் என்றேன். “அப்ப எதுக்கு இவ்வளவு செலவு பண்ணுனீங்க?” என்று உண்மையாகவே வியந்து கேட்டுவிட்டுப் போனார்.