1570 எடுத்த மகளுக்காகக் கல்லூரிப் பட்டியல் போட்டது

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் என் மகள் 1600-க்கு 1570 எடுத்திருந்தாள். பள்ளியில் எல்லாப் பாடத்திலும் ஏ. இங்கே பென்சில்வேனியாவில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் "இவளுக்கு ஹார்வர்ட் நிச்சயம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்டுக் கேட்டு அவளே ஒருநாள், "கிடைக்கலன்னா எங்கிட்ட ஏதோ குறைன்னு அர்த்தமாம்மா?" என்றாள். பதில் சொல்ல எனக்கு எண்கள் தேவைப்பட்டன.

ஹார்வர்டின் சேர்க்கை முறையை எதிர்த்து நடந்த வழக்கில் பல விவரங்கள் வெளியே வந்தன. 2019-இல் பட்டம் பெறவிருந்த வகுப்புக்கு விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 35,000 பேர். இடங்கள் சுமார் 1,600. எஸ்.ஏ.டி. கணிதத்தில் முழு மதிப்பெண்ணான 800 பெற்றவர்கள் மட்டும் 3,400 பேர். மொழிப் பகுதியில் 2,700 பேர். ஜி.பி.ஏ. எனப்படும் பள்ளி மதிப்பெண் சராசரி முழுமையாக இருந்தவர்கள் 8,000-க்கும் மேல். ஆக, கணிதத்தில் 800 வாங்கியவர்களுக்கே இடம் பத்தாது. பிறகு கூட்டம் இன்னும் பெருகிவிட்டது: 2028 வகுப்புக்கு 54,008 பேர் விண்ணப்பித்து 1,937 பேருக்குத்தான் அனுமதி. இதை அவளிடம் காட்டியபோது முகம் தெளிந்தது. குறை என்ற பேச்சு அதோடு நின்றது.

இன்னொரு கணக்கையும் பலர் சொன்னார்கள். ஒரு கல்லூரியில் 5 சதவீத வாய்ப்பு என்றால், பத்துக் கல்லூரிக்குப் போட்டால் எங்காவது கிடைக்க 40 சதவீதம் வாய்ப்பு உண்டாம். பகடை உருட்டுவதற்கு இந்தக் கணக்கு சரி. ஆனால் பத்துக் கல்லூரிக்கும் போவது ஒரே பிள்ளையின் மதிப்பெண், ஒரே பரிந்துரைக் கடிதங்கள், காமன் ஆப் எனப்படும் பொது விண்ணப்பத்துக்காக 650 சொற்களுக்குள் எழுதிய அதே கட்டுரை. ஓரிடத்தில் எடுபடாதது மற்ற இடங்களிலும் எடுபடாமல் போக வாய்ப்பு அதிகம். அதோடு, வெளியிடப்படும் சதவீதம் எல்லாருக்கும் பொதுவானதல்ல. விளையாட்டு வீரர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள் எல்லாரும் அதற்குள் அடக்கம். பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி குழுவின் 2023 ஆய்வின்படி, ஒரே மதிப்பெண் பெற்றிருந்தாலும், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட மிகப் பணக்கார 1 சதவீதக் குடும்பத்துப் பிள்ளை ஹார்வர்ட் போன்ற உயர்தரக் கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல். எனக்கு இது கோபத்தைத் தந்தது, இன்றும் தருகிறது.

அதனால் பட்டியலைக் கீழிருந்து போட்டோம். நிச்சயம் கிடைக்கும், செலவு தாங்கும், அவள் விரும்பிப் படிப்பாள். இந்த மூன்றும் பொருந்துகிற கல்லூரி எது என்று முதலில் தேடினோம். நரம்பியல் படிக்க ஆசைப்பட்டவளுக்குப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் பொருந்தியது. அவள் விண்ணப்பித்தபோது அங்கே விண்ணப்பம் வர வர முடிவு சொல்லிக்கொண்டிருந்தார்கள். இலையுதிர் காலத்திலேயே அனுமதி வந்ததால் மற்ற கட்டுரைகளை அவள் பதற்றமில்லாமல் எழுதினாள். ஒரே ஒரு கல்லூரிக்கு வாக்குக் கொடுத்து முன்கூட்டியே விண்ணப்பிக்கும் எர்லி டிசிஷன் வேண்டாம் என்று முடிவு செய்தோம். கிடைத்தால் சேர்ந்தே ஆகவேண்டும், உதவித்தொகைகளை ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

மார்ச் இறுதியில் பெரிய பெயர்களின் முடிவுகள் வந்தன. வரிசையாக நிராகரிப்பு, ஒன்றில் மட்டும் காத்திருப்போர் பட்டியல். அன்று அழுதாள். நானும் "பரவாயில்லை" என்று சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மே 1-க்குள் பிட்ஸ்பர்க்கில் முன்பணம் கட்டினோம், காத்திருப்போர் பட்டியலிலிருந்து விலகிக்கொள்வதாக அவளே எழுதி அனுப்பினாள்.

பதினோராம் வகுப்பில் பிள்ளை இருந்தால் இரண்டு வேலையை இப்போதே செய்யுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் காமன் டேட்டா செட் என்ற விவரத் தொகுப்பில் சி7 அட்டவணையைப் பாருங்கள். மதிப்பெண், கட்டுரை, முன்னாள் மாணவர் உறவு என எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் தருகிறார்கள் என்று அதில் இருக்கும். அடுத்து, அந்தக் கல்லூரியின் இணையதளத்தில் உள்ள நெட் பிரைஸ் கால்குலேட்டரில் உங்கள் வருமானத்தைப் போட்டு, கையிலிருந்து எவ்வளவு கட்டவேண்டிவரும் என்று பார்த்துவிட்டுப் பட்டியலில் சேருங்கள்.