கலங்கின கண்ணுக்கு எந்தப் படம், எப்போது?

கற்றராக்ட் ஒபரேசனுக்குப் பிறகு கண்ணுக்குள் கிருமி போனால், அதாவது எண்டொப்தல்மைற்றிஸ் வந்தால், படம் எடுக்கவென்று ஊசி பிந்தக் கூடாது. கண்ணுக்குள் நிறைந்திருக்கும் ஜெல்லியான விட்ரியஸில் கொஞ்சம் உறிஞ்சிப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு, வழக்கமாக வன்கோமைசின் 1 மில்லிகிராமும் செஃப்டாசிடைம் 2.25 மில்லிகிராமும் கண்ணுக்குள் ஏற்றுவார்கள். ஒவ்வொன்றும் 0.1 மில்லிலீற்றர், வேறு வேறு சிரிஞ்சில். கலந்தால் மருந்து திரண்டுவிடும்.

மாரிக்குக் கலங்கின கிணற்றில் அடி தெரியாது. விட்ரியஸில் சீழ் இருக்கும்வரை ஓசிரி (OCT) ஸ்கானும் அப்படித்தான்; அது விழித்திரையை ஒளியால் எடுக்கும் படம். அந்த நாட்களில் பி-ஸ்கான்தான் உதவும். மூடிய இமைக்கு மேல் ஜெல் பூசி ஒலியலையால் பார்ப்பது, கலங்கல் அதைத் தடுக்காது. விழித்திரை கழன்றிருந்தால் பார்வை நரம்பில் போய் ஒட்டும் வெளிச்சமான கோடாகத் தெரியும். ஒபரேசன் காயம் புதிதென்றால், இமையில் வைக்கும் கருவியான புரோபை அழுத்தவே கூடாது.

கலங்கல் தெளிந்த பிறகு ஓசிரி. கண்மணியை விரிக்கத் துளி விட்டால் 20, 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு சில மணித்தியாலம் வெய்யில் கூசும், கிட்டப்பார்வை மங்கும். மோட்டார் சைக்கிளைத் தானே ஓட்டி வருகிறவர்களுக்குச் சொன்னாலும் ஏறாது, ஆனாலும் சொல்கிறோம்: ஓட்ட வேறொருவரைக் கூட்டிவாருங்கள்.

படம் மங்கலாக வந்தால் விழித்திரை பழுதென்று முடிவுகட்ட வேண்டாம். அடிக்கடி விட்ட துளிமருந்தால் கருவிழியின் மேற்பரப்பு காய்ந்து சொரசொரப்பாகியிருக்கும். செயற்கைக் கண்ணீர் ஒரு துளி விட்டு, நாலு தரம் இமைத்து, திரும்ப எடுத்தால் பல நேரம் தெளியும். விழித்திரையின் நடுப்பகுதியான மக்யூலாவில் நீர் கோத்திருந்தால் அப்பத்து ஓட்டைகள் போலக் கறுப்புப் பொட்டுகள் தெரியும். அதற்குத் தரும் ஸ்டீரொய்ட் துளியை நீங்களாக நிறுத்தாதீர்கள். அது கண்ணழுத்தத்தையும் ஏற்றும் என்பதால் கிளினிக்கில் அழுத்தம் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்கான், கொழும்பில் ஒரு ஸ்கான் என்றால் விழித்திரைத் தடிப்பு எண்களை நேரே ஒப்பிட முடியாது. தடிப்பை அளக்க விழித்திரையின் எந்த அடுக்கில் மெஷின் எல்லைக்கோடு போடும் என்பது கொம்பனிக்குக் கொம்பனி வேறு. எண் எழுதிய துண்டு போதாது, படத்தையும் கிளினிக் கொப்பியோடு வையுங்கள்.

ஊசி வேலைசெய்து மாதக்கணக்கான பிறகும் விழித்திரை கழரலாம். புதிதாகக் கறுப்புப் பொட்டு, மின்னல், திரை விழுந்தது போல நிழல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. விழித்திரை ஒபரேசனில் கண்ணுக்குள் காஸ் விட்டிருந்தால், அது முழுக்கக் கரைந்ததென்று டொக்டர் சொல்லும்வரை பலாலியில் விமானம் ஏறக் கூடாது. உயரத்தில் காஸ் விரிந்து கண்ணழுத்தம் ஏறும். அதே காரணத்துக்காக நுவரெலியாச் சுற்றுலாவும் வேண்டாம்.