திகதி குறிக்கிறவர்களுக்கு

"மாமா, ஓ.எல். சோதினை எழுத முதல் உலகம் முடிஞ்சிடுமோ?"

பக்கத்து வீட்டுப் பிள்ளை இன்று பின்னேரம் கேட்டாள். யாரோ ஒரு போதகரின் குரல் பதிவு வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. அவர் சொன்ன திகதியைச் சுவர்க் கலண்டரில் சிவப்புப் பேனையால் சுற்றி வைத்திருக்கிறாள். அழுத்திச் சுற்றியதில் தாள் கிழிந்திருந்தது.

"முந்தியும் இப்பிடிக் குறிச்சவை, பிள்ளை" என்றேன்.

1844 ஒக்டோபர் 22 இயேசு வருவார் என்று அமெரிக்காவில் போதகர் வில்லியம் மில்லரை நம்பியவர்கள் காத்திருந்தார்கள். சிலர் விளைந்த வயலை அறுக்காமலே விட்டார்கள். கிளிநொச்சி விவசாயிக்கு அது எவ்வளவு பெரிய இழப்பென்று விளங்கும். 2011 மே 21 என்றார் அமெரிக்க வானொலிப் போதகர் ஹரோல்ட் கேம்பிங். அவரை நம்பிச் சேமிப்பைச் செலவழித்தவர்களும் உண்டு.

இயேசு வருவார் என்று நானும் முழுமனதோடு விசுவாசிக்கிறேன். ஆனால் அந்த நாளும் நாழிகையும் பிதாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்று அவரே சொல்லியிருக்கிறார் (மத்தேயு 24:36). பிறகு போதகருக்கு எப்படித் தெரிந்தது?

அடுத்த அதிகாரத்தில் இயேசு கேட்பதெல்லாம் பசித்தவனுக்குச் சாப்பாடு கொடுத்தாயா, அந்நியனைச் சேர்த்துக்கொண்டாயா என்றுதான்.

2009இல் இதே வன்னி மண்ணில், கடைசிப் போர் நேரம், தன் பங்குக் கஞ்சியை அடுத்த பங்கருக்குள் இருந்த பிள்ளைக்கு ஊற்றிக் கொடுத்த தாய்மாரை எனக்குத் தெரியும். உலகம் முடிகிறது என்று நினைக்க அவர்களை விட யாருக்குக் காரணம் இருந்தது? ஆயத்தமாயிருப்பது என்றால் எனக்கு அதுதான்.

போதகர்மாரே, தயவுசெய்து இந்தப் பதிவுகளை அனுப்புவதை நிறுத்துங்கள். வன்னிச் சனம் பயந்தது காணும்.