பெயரைக் காட்டாமல் பெயரைப் பொருத்துவது

ஒரே நோயாளி இரண்டு ஆஸ்பத்திரிகளில் காட்டியிருக்கிறார். இரண்டு பதிவும் ஒருவருடையதுதானா என்று தெரிய வேண்டும். பெயர் வெளியே போகக்கூடாது. இரு பக்கமும் 14 இலக்க ஆபா எண் (அரசின் சுகாதார அடையாள எண்) இருந்தால் சுலபம். பழைய பதிவுகளில் அது ஏது? பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, பாலினம், அவ்வளவுதான்.

வெறுமனே ஹாஷ் செய்து, அதாவது நேராகத் திருப்பிப் படிக்க முடியாத சங்கேத எண்ணாக மாற்றி, அனுப்பினால் போதாது. நூறு வருடத்துக்கு 36,525 தேதிகள்தான். எல்லாவற்றையும் ஹாஷ் செய்து ஒப்பிட ஒரு நொடிகூட ஆகாது. ரகசியச் சாவி சேர்த்த ஹாஷ் வேண்டும். அந்தச் சாவி ஆஸ்பத்திரிகளிடம்தான் இருக்க வேண்டும், பொருத்திப் பார்க்கும் இடத்துக்குப் போகவே கூடாது.

அப்போதும் லட்சுமி, லெட்சுமி இரண்டுக்கும் ஒட்டே இல்லாத ஹாஷ் வரும். இதற்காகத்தான் 2009-ல் ஷ்னெல், பாக்டெலர், ரைஹர் மூவரும் ப்ளூம் ஃபில்டரைக் கொண்டுவந்தார்கள். பெயரை இரண்டிரண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும், எல்லாம் 0 ஆக உள்ள ஆயிரம் பிட் வரிசையில், சாவி சேர்த்த ஹாஷ் காட்டும் சில இடங்களை 1 ஆக்க வேண்டும். பொதுவான 1-கள் எத்தனை என்பதிலிருந்து டைஸ் மதிப்பெண் வரும்: பொதுவானதை இரட்டித்து, இரு பக்க மொத்தத்தால் வகுத்தால் கிடைப்பது. 1 என்றால் முழு ஒற்றுமை.

நறுக்குவதில்தான் தமிழுக்குத் தனிக் கவனம் தேவை. முன்னும் பின்னும் ஒரு வெற்றிடம் சேர்த்து முழு எழுத்தாக நறுக்கினால் இரண்டு பெயருக்கும் ஐந்தைந்து துண்டு, மூன்று பொது: 0.6. கணினி எழுத்தைச் சேமிக்கும் யூனிகோட் குறியீடாக ('லெ' என்பது 'ல', 'ெ' என இரண்டு) நறுக்கினால் ஒன்றுக்கு 8 துண்டு, மற்றதற்கு 9, ஏழு பொது: 0.82. நான் இரண்டாவதையே சொல்வேன். கோபாலில் வரும் 'கோ' சில கணினிகளில் இரண்டு குறியீடு, சிலவற்றில் மூன்று. திரையில் வித்தியாசமே தெரியாது. எல்லோரும் முதலில் என்எஃப்சி என்ற, ஒரே எழுத்துக்கு ஒரே குறியீட்டு வரிசை தரும் யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். இனிஷியலைத் தனிப் புலமாகப் பிரித்துவிடுங்கள். கல்யாணத்துக்குப் பின் பல பெண்களுக்கு அது மாறிவிடுகிறது. இதையெல்லாம் குறியாக்கத்துக்கு முன்பே முடிக்க வேண்டும், பின்னால் யாராலும் பெயரைப் பார்த்துத் திருத்த முடியாது.

இன்னொரு ஓட்டை: அடிக்கடி வரும் பெயர் அடிக்கடி வரும் பிட் வரிசையாகத் தெரியும். எது எத்தனை தடவை என்று எண்ணியே பெயரை ஊகித்துவிடலாம். அதனால் எல்லாப் புலங்களையும் ஒரே ஃபில்டரில் போடுகிறோம். பிறந்த வருடத்தைச் சாவியோடு கலப்பதும் உண்டு. ஆனால் 'வயது 60' என்று மட்டும் எழுதி வருடத்தைக் கணக்குப் போட்டிருந்தால், ஒரு வருடம் பிசகினாலும் அந்தப் பதிவு பொருந்தவே பொருந்தாது.

இடைப்பட்ட மதிப்பெண்களைத் தானாக இணைக்காதீர்கள். தவறாக இணைந்தால் ஒருவருடைய பெனிசிலின் ஒவ்வாமை இன்னொருவர் கேஸ் ஷீட்டில் ஏறும், உரியவர் ஷீட்டில் இருக்காது. அந்தப் பதிவு எண்களை இரு ஆஸ்பத்திரிக்கும் திருப்பி அனுப்பி, அடுத்த முறை வரும்போது நோயாளியிடமே கேட்கச் சொல்லுங்கள்.