வீரனை விடுங்கள், இனத்தைப் பாருங்கள்

கற்பனைக் கதையில் வரும் ஓர் இனத்தில் தன்னைப் பார்த்துக்கொள்ள நினைப்பவர்கள் பெரும்பாலும் வாள், தாடி, காது என்று தோற்றத்தில் தொடங்குகிறார்கள். அது சீக்கிரம் அலுத்துவிடும். அந்த இனம் அடுத்தவர்களோடு எப்படிப் பிழைக்கிறது என்று பாருங்கள். நோட்டில் நாலு விஷயம் குறித்தால் போதும்: வீட்டில் என்ன பேச்சு, வெளியே என்ன பேச்சு; இழந்த ஊர் எது; தொழில் என்ன; இவர்கள் கதையை யார் சொல்கிறார்கள்.

‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனின் கதைகளில் வரும் ட்வார்ஃப்களை, அதாவது குள்ளர் இனத்தை, வைத்துப் பார்ப்போம். இவர்களை யூதர்களைப் போல நினைப்பதாக 1955இல் ஒரு கடிதத்தில் அவரே எழுதினார்: இருக்கும் ஊருக்குச் சொந்தக்காரர்கள், அந்நியர்களும்கூட, ஊர் மொழி பேசினாலும் தாய்மொழியின் சாயல் போகாது. ட்வார்ஃப்களின் தாய்மொழியான குஸ்துல், ஹீப்ருவையும் அரபியையும் போல மூன்று மெய்யெழுத்துகளை வேராக வைத்துச் சொற்களை ஆக்கும் மொழி. வெளியாருக்கு ஒரு பெயர். கல்லறையில்கூடப் பொறிக்காத உள்பெயர் இன்னொன்று. பர்மாவிலிருந்து வந்து வியாசர்பாடியில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும், ஓ.எம்.ஆர். ஆபீசில் பேச்சை மாற்றிக்கொள்ளும் காசிமேட்டுப் பிள்ளைகளுக்கும் இது சட்டென்று பிடிபடும்.

சிக்கல் தங்கத்தில் வருகிறது. ட்வார்ஃப்களின் பேராசை, யூதர்கள் மீது ஐரோப்பா சுமத்திய பழைய பழியை ஒத்தது. இனத்தை அப்படியே எடுத்தால் பழியும் கூடவே வரும். ‘வடசென்னைன்னா ரவுடி’ என்று சினிமா ஒட்டிய பட்டத்தை நம் பையன்களே பெருமையாகச் சொல்வதும் இதே கோளாறுதான். ஒவ்வொரு குணத்துக்கும் எதிரே ‘நாங்கள் சொன்னது’, ‘எங்களைச் சொன்னது’ என்று குறியிடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தாண்டிப் போக வழியில்லை.

நாலாவது கேள்விக்கு நல்ல பயிற்சி மணிமேகலையில் இருக்கிறது. கப்பல் உடைந்து கரையேறிய சாதுவன் என்ற வணிகனை அங்கே வாழும் நாகர் இனத்தவர் தின்ன வருகிறார்கள். அவர்கள் மொழி தெரிந்ததால் பிழைக்கிறான். பிறகு அறம் சொல்பவன் அவன், கேட்பவர்கள் நாகர்கள். அவர்கள் பக்கத்துக் கதை அங்கே இல்லை. 1956இல் அம்பேத்கர் அதைத் திருப்பிப் போட்டார்: பௌத்தத்தைப் பரப்பியவர்கள் நாகர்களே, அதனால்தான் பௌத்தம் தழுவ நாக்பூரைத் தேர்ந்தெடுத்தேன் என்றார். பெயர் அதேதான், சொல்லும் வாய் மாறிவிட்டது.

சாதுவன் காட்சியை நாகர் தலைவன் சொல்வதாக ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். கரையில் மரத்தடியில் ஒருவன் தூங்குகிறான், எழுப்பினால் நம் மொழி பேசுகிறான். அவனிடம் தலைவன் முதலில் என்ன கேட்பான்? பேச்சு நம் தெருப் பேச்சாகவே இருக்கட்டும், திருத்த வேண்டாம்.